தகரச் சாமிக்குத் தாரை வார்த்த கேசட்

இருசப்பனுக்குத் தன் கடையின் வாடை பிடிக்காது. செங்கம் சாலையிலிருந்து பிரியும் சந்தில், துணி தேய்ப்பவருக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவில் இருக்கிறது அந்த அறை. உள்ளே நாள் முழுக்கப் பூஞ்சை பிடித்த வீடியோ கேசட்டுகளின் நாற்றம். ஈரச் சாக்கையும் காலாவதியான மருந்தையும் ஒன்றாக வைத்துப் பூட்டியது போல இருக்கும். மூக்கைச் சுற்றிக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டுதான் கேசட்டைத் திறப்பார். நாடாவின் மேல் மாவு போல வெள்ளை பூத்திருக்கும். அதைத் துடைத்து, ஓடவிட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றி, பென்டிரைவில் போட்டுக் கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்வார்கள். பொக்கிஷம்.

"பொக்கிஷம்னா ஏம்பா பரண்ல எலிப் புழுக்கையோட போட்டு வெச்சிருந்தீங்க?" என்பார் இருசப்பன்.

அவர் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கடலைக்காட்டுக் குடும்பத்தில் பிறந்தவர். இருபது வயதைத் தாண்டியபோது காட்டை அண்ணனிடம் விட்டுவிட்டுக் கேமராவைத் தூக்கினார். மாவட்டம் முழுக்கக் கல்யாணங்கள், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, சில சாவுகள். கேமரா வழியாக மனிதர்களைப் பார்த்தால் அன்பு வரும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறார். அவருக்கு வந்தது வேறு. பெண்ணை அனுப்பும்போது அழுகிற தகப்பன், கேமரா தன் பக்கம் திரும்பிவிட்டதா என்று ஓரக்கண்ணால் பார்ப்பான். பிணத்தின் தலைமாட்டில் நிற்கிற மகன் துண்டைச் சரிசெய்துகொண்டு, "இப்ப எடுங்கண்ணா" என்பான். இதையெல்லாம் எடுத்து, வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டுக் கொடுத்தே அவருக்கு மீசை நரைத்தது. அவர் மனைவி அருணாதேவி சொல்வாள்: "உங்களுக்குச் சாமியே எதிர்ல வந்து நின்னாலும், மொகத்துல வெளிச்சம் கம்மின்னுதான் சொல்லுவீங்க." அதை அவர் மறுத்ததில்லை.

சில வருடங்களாகக் கடைக்கு வேறு விதமான ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். ரமணாசிரமம் பக்கத்துக் காபிக் கடைகளில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் வெளியூர் இளைஞர்கள். போனில் எடுத்த படத்தைக் கொண்டுவருவார்கள். கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். அதைப் பழைய வி.சி.ஆரில் ஏற்றி, கோடும் புள்ளியும் விழவைத்து, நிறம் வழிந்தது போல ஆக்கித் திருப்பித் தர வேண்டும். அப்படி ஆக்கப் போனிலேயே வசதி இருக்கிறதே என்று கேட்டால், "அது டூப்ளிகேட்டுங்க. எங்களுக்கு ஒரிஜினல் அழுக்கு வேணும்" என்பார்கள்.

துவைத்து மடித்த வேட்டியைச் சாக்கடையில் முக்கித் தரச் சொல்கிறவர்கள் என்று இருசப்பன் நினைத்துக்கொள்வார். ஆனால் முக்கித் தருவார். கம்ப்யூட்டரிலிருந்து வருகிற படம் வி.சி.ஆருக்குப் புரியாது. நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு கன்வர்ட்டர் வேண்டும். ஒரு பக்கம் எச்.டி.எம்.ஐ. ஒயர் போகும், மறு பக்கம் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று ஒயர்கள் கிளம்பி வி.சி.ஆரின் முதுகில் ஏறும். கன்வர்ட்டரின் இடுப்பில் ஒரு சின்ன சுவிட்சு உண்டு. அதை நம் நாட்டு முறைக்குத் தள்ள மறந்தால் படம் மேலும் கீழும் உருளும். அகலமான படத்தை முன்கூட்டியே பக்கவாட்டில் வெட்டிவைக்காவிட்டால் எல்லோரும் ஒடுங்கிப்போய் ஒட்டடைக் குச்சி மாதிரி நிற்பார்கள். இவ்வளவுதான். பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை என்பது அவர் எண்ணம்.

இந்தச் சமயத்தில்தான் மாறன் வந்தார்.

மாறன் அடி அண்ணாமலைக்காரர். அங்கே கிரிவலப் பாதை ஓரம் இருக்கும் தகரச் சாமி அறக்கட்டளைக்குச் செயலாளர். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, போன் அடித்தால் ருத்ரம். தகரச் சாமி என்பவர் முப்பது வருடங்களுக்கு முன்பு எங்கிருந்தோ வந்து, தசரதன் என்கிற விவசாயியின் நிலத்து மூலையில் இருந்த மோட்டார் கொட்டகையில் மழைக்கு ஒதுங்கியவர். மழை விட்டும் போகவில்லை. தகரக் கூரைக்கடியில் படுத்தே கிடந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. தொண்ணூற்றெட்டில் அங்கேயே செத்தார். உயிரோடு இருந்தபோது ஒரு குவளை மோர் கொடுக்காதவர்கள், செத்த பிறகு சமாதி கட்டினார்கள், மேலே பெரிய தகரக் கொட்டகை போட்டார்கள், பௌர்ணமிக்குப் பௌர்ணமி அன்னதானம் வைத்தார்கள். இப்போது அங்கே தங்கும் அறைகளோடு மண்டபம் கட்ட வேண்டும். அதற்கு அந்த மூலையும், மூலையில் இருக்கும் கிணறும் வேண்டும்.

தசரதன் இறந்து பல வருடம் ஆகிவிட்டது. நிலம் அவர் மனைவி ஜோதியம்மாள் பெயரில் இருக்கிறது. அந்தக் கிணற்றை விட்டால் மீதி நிலத்துக்குத் தண்ணீர் கிடையாது. அதனால் அவர் மறுத்துவிட்டார். ஊரார் கூடிக் கேட்டபோது, "எங்க வூட்டுக்காரரு சாமிக்குத் தாரை வாத்துக் குடுத்திருந்தா, நான் குறுக்க நிக்க மாட்டேன். தண்ணிய ஊத்திக் குடுத்தத திருப்பி வாங்கறது எங்க குடும்பத்துல இல்ல. ஆனா அவரு குடுக்கல" என்றார். பேச்சு அதோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். மாறன் நினைக்கவில்லை.

இந்த விவரம் எதுவும் இருசப்பனுக்குத் தெரியாது. மாறன் ஒரு பென்டிரைவை மேசைமேல் வைத்தார்.

"அண்ணா, சாமி படம். பத்து நிமிஷத்துக்கு மேல கொஞ்சம் இருக்கும். பழசு மாதிரி வேணும்."

"எல்லாருக்கும் பழசு மாதிரிதான் வேணும். குடு."

"கேசட்டாவே வேணும்ணா."

"திருப்பி கம்ப்யூட்டர்ல ஏத்த வேணாமா?"

"வேணாம். கேசட்டு போதும். கண்ணாடி அலமாரில வெக்கறதுக்கு."

"அலமாரில வெச்சா படம் எப்படிபா தெரியும்? கேசட்ட சுத்திக் கும்புடுவீங்களா?"

மாறன் சிரித்தார். "நீங்க பேசறதுக்கே தனியா டிக்கெட்டு போடலாம்ணா."

"புது கேசட்டு கெடைக்காது."

அதற்கும் தயாராக வந்திருந்தார். பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். மேலே ஒட்டியிருந்த தாளைச் சுரண்டியிருந்தது. "வீட்ல சும்மா கெடந்தது. வேண்டாதது."

இருசப்பன் கேசட்டைத் திருப்பிப் பார்த்தார். முதுகு விளிம்பில் ஒரு சின்ன பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டின் மேல் வேறு எதையும் பதிய முடியாது. கல்யாண கேசட்டைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் எந்த வீடியோக்காரரும் அதை ஸ்க்ரூ டிரைவரால் உடைத்துவிடுவார். இதிலும் உடைந்திருந்தது. ஆகவே இது யாரோ ஒருத்தர் அழியக் கூடாது என்று நினைத்த கேசட். அது அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும், உடைந்த ஓட்டையின் மேல் ஒரு துண்டு செல்லோ டேப்பை ஒட்டினார். ஒட்டிவிட்டால் வி.சி.ஆர். ஏமாந்துவிடும். அதை ஏமாற்ற அவ்வளவுதான் செலவு.

ஒயர்களைச் செருகினார், சுவிட்சைத் தள்ளினார், பதிய விட்டார். ஓடுகிற படத்தை அவர் பார்க்கவில்லை. யார் எதைக் கொண்டுவந்தாலும் பார்ப்பதில்லை என்பது அவருடைய பழக்கம். அதை நாகரிகம் என்றும் நினைத்திருந்தார். சந்து முனைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தார். பாதியில் எழுந்து போகும்போது தன் கை மவுஸைத் தட்டியதை அவர் கவனிக்கவில்லை.

மறுவாரம் மாறன் போன் செய்தார். வி.சி.ஆரை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்கு வர வேண்டும், ஊரில் வேறு யாரிடமும் அந்தப் பெட்டி இல்லை என்றார்.

பௌர்ணமிக்கு முந்தின நாள், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம். கொட்டகைக்குள் அனல். சமாதிக்குப் பக்கத்தில் பெரிய டிவி. முப்பது பேர் இருப்பார்கள். முன்வரிசையில் முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் அர்ஜுனன். மாறனின் மனைவி சந்திரகலா தட்டில் கற்பூரம், பூ எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். தூண் ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு வயதான அம்மாள் உட்கார்ந்திருந்தார். யாரென்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார் இருசப்பன். "ஜோதியம்மா. கெணத்துக்காரி" என்று அவர் கதையைச் சுருக்கமாகச் சொல்லி முடித்தார். 

மாறன் எழுந்து நின்றார். "அந்தக் காலத்துல ஒரு வெளிநாட்டு பக்தரு சாமிய வீடியோ புடிச்சிருக்காரு. தொண்ணூத்தாறுல. இத்தினி வருஷம் அவருகிட்டயே இருந்தது. இப்பதான் அனுப்பி வெச்சாரு. இதுல இன்னா இருக்குதுன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்களே பாருங்க."

இருசப்பன் பொத்தானை அழுத்தினார்.

தகரக் கொட்டகை. வாசலில் சாமி, சப்பணம் போட்டு. கடலைக்காட்டிலிருந்து ஒரு ஆள் பித்தளைச் சொம்போடு வருகிறார். குனிந்து, சாமியின் இரண்டு உள்ளங்கைகளிலும் தண்ணீரை ஊற்றுகிறார். கையை நீட்டிக் கிணற்றைக் காட்டுகிறார், மூலையைக் காட்டுகிறார். சாமி தலையாட்டுகிறார்.

"தசரதன்பா" என்றார் ஒருவர். "அச்சு அசல்."

படம் நடுங்கியது. ஓரங்களில் நிறம் வழிந்தது. அடியில் ஒரு வெள்ளைக் கோடு நெளிந்துகொண்டே இருந்தது. அந்த நெளிவைத் தந்தது தன்னுடைய வி.சி.ஆர். என்பது இருசப்பனுக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் இதே படத்தைத் தெளிவாகப் போட்டிருந்தால் ஒரு குழந்தைகூட நம்பியிருக்காது. அழுக்குதான் இங்கே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. காபிக் கடைப் பிள்ளைகளை இளித்தவாயர்கள் என்று நினைத்திருந்தாரே, அவர்கள் பொய் என்று தெரிந்து பொய்யை வாங்கிப் போனவர்கள். அவ்வளவு யோக்கியம்கூட இங்கே இல்லை.

அப்போது சாமியின் காதுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளை அம்பு வந்து நின்றது. கம்ப்யூட்டர் மவுஸின் அம்பு. இருசப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தார்.

"வேலு" என்றது ஒரு குரல். "சாமி காதாண்ட பாரு. முருகன் வேலு தெரியுது."

"ஆமாபா. அப்பவே காட்டியிருக்காரு பாரேன்."

நாலைந்து பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மாறன் தூணருகே போய்க் குனிந்தார். "பெரிம்மா, பாத்தீங்களா?"

ஜோதியம்மாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "குடுத்துட்டாரா" என்றார், யாரையும் பார்க்காமல். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"சொல்லணும்னு அவருக்குத் தோணல. உங்க வாயால சொன்னதுதான பெரிம்மா? குடுத்திருந்தா குறுக்க நிக்க மாட்டேன்னு?"

"சொன்னேன்."

"அப்புறம்?"

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அவரே குடுத்திருந்தா நான் இன்னா சொல்றது" என்றார்.

சந்திரகலா கற்பூரத்தை ஏற்றினாள். எல்லோரும் எழுந்தார்கள். டிவிக்குத் தீபாராதனை. மணி அடித்தது. கைகளைத் தலைக்கு மேல் குவித்து, கண்களை மூடிக்கொண்டு, அரோகரா போட்டார்கள். கண்ணை மூடாமல் இருந்தவர் ரிமோட்டைக் கையில் வைத்திருந்த இருசப்பன் ஒருவர்தான். சாமி தலையாட்டி முடித்தார். படம் முடியப் போகிறது. முடிந்ததும் நிறுத்த வேண்டும். ஏனென்றால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குத்தான் அவர் மேலே பதிந்தார். அதற்கப்புறம் கேசட்டில் முன்பு இருந்தது அப்படியே இருக்கும். அது என்ன என்று அவருக்குத் தெரியாது. தகடு உடைந்திருந்ததால் ஏதோ கல்யாணமாக இருக்கும் என்று மட்டும் ஊகித்திருந்தார்.

அவர் நிறுத்தவில்லை. அந்த நிமிடத்தில் அவர் நல்லவராகிவிட்டார் என்று சொல்ல முடியாது. அந்தப் பொத்தானை அழுத்தினால் இந்த நாற்றம் முழுக்கத் தன் விரலில் ஒட்டிக்கொள்ளும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

திரையில் ஒருமுறை புள்ளி மழை பெய்தது. பிறகு நாதஸ்வரம். ஒரு பெரிய ரோஜாப்பூ இதழ் இதழாக விரிந்தது. அதன் நடுவிலிருந்து, மெல்லிய மீசையும் பட்டுச் சட்டையுமாக, மாறனின் தலை வெளியே வந்தது. பக்கத்தில் இன்னொரு ரோஜா விரிந்தது. அதில் சந்திரகலா. இரண்டு தலைகளும் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்தன. பின்னால் தெர்மாகோலில் வெட்டிய பெயர்கள், இரண்டாயிரத்து ஒன்று என்று வருடம்.

கும்பிட்டபடி இருந்த கைகள் இறங்கவில்லை. கண்கள் மட்டும் திறந்தன.

"நிறுத்துங்கண்ணா" என்றார் மாறன்.

"சாமி லீலைபா" என்றார் வேல் பார்த்தவர். "செத்த பின்னாடி மாறன் கல்யாணத்துக்கு வந்து ஆசீர்வாதம் பண்ணியிருக்காரு." அதற்கும் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.  மனிதர்கள் ஏமாற்றப்படுவதில்லை, ஏமாற இடம் தேடி அலைகிறார்கள் என்று இருசப்பனுக்குப் பட்டது.

சந்திரகலாவின் தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. "இன்னாங்க, இது நம்ம கேசட்டு" என்றாள்.

"அப்புறம் பேசிக்கலாம்."

"மொதல்ல தாலி கட்டறது வரும். அதுக்கப்புறம்தான் இந்த ரோஜாப்பூ. தாலி கட்டறப்ப எங்கப்பா அட்சதை போடுவாரு. எங்கப்பா எங்க?"

"ஏய், தட்டக் கீழ வெய்யி மொதல்ல."

"எங்கப்பா இருந்த எடத்துல சாமிய யாரு வெச்சது?"

மாறன் ஊரைப் பார்த்துத் திரும்பினார். வேர்வை திருநீற்றைக் கரைத்திருந்தது. "ஒண்ணுமில்ல. வெளிநாட்டுலருந்து வந்த கேசட்டு நைஞ்சி போச்சி. அதனால வீட்டுல இருந்த பழைய கேசட்டுல காப்பி எடுத்தேன். அதான்."

நல்ல பதில். சிலர் தலையாட்டவும் ஆரம்பித்தார்கள். அர்ஜுனன் மட்டும் இருசப்பன் பக்கம் திரும்பினார்.

"நீதானபா வீடியோக்காரன்? இதுல ஏத்தினது யாரு?"

"நான்தான்."

"எதுலருந்து ஏத்தின? கேசட்டுலருந்தா?"

இருசப்பன் மாறனைப் பார்த்தார். மாறன் கண்ணால் கெஞ்சினார். அந்தக் கண்ணைப் பார்த்திருக்காவிட்டால் ஒருவேளை மழுப்பியிருப்பார்.

"கம்ப்யூட்டர்லருந்து" என்றார். "பென்டிரைவ்ல குடுத்தாரு. இன்னா படம்னு நான் பாக்கல. பாத்திருக்கணும். அந்த வேலும் வேலு இல்ல, எங்கடை கம்ப்யூட்டர் அம்பு."

"பெங்களூர்ல இருக்கற எங்க அக்கா பையன் இளவரசன், ஃபோட்டோவ நடக்க வெக்கிற வேலை செய்யறான்" என்றாள் சந்திரகலா, புருஷனைப் பார்த்தபடி. "தசரதன் பெரிப்பா ஃபோட்டோ ஒண்ணு அவனுக்கு அனுப்பணும்னு எங்கிட்டதான் கேட்டு வாங்கினீங்க. பெரிசு பண்ணி மாலை போட்டு மாட்டறதுக்குன்னு சொன்னீங்க."

யாரும் யாரையும் அடிக்கவில்லை. அர்ஜுனன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கெணறு ஜோதியம்மாளுது. இனிமே இதப் பத்திப் பேச்சே வரக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். போகும்போதும் பாதிப் பேர் டிவியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் போனார்கள். மாறன் வெளியே நின்று போனில் யாரிடமோ, "சின்ன டெக்னிக்கல் பிராப்ளம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜோதியம்மாள் கொட்டகைக்குப் பின்னால் போய் மோட்டாரைப் போட்டார். கிணற்றுத் தண்ணீர் குழாயில் முட்டிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்த இருசப்பனிடம் திரும்பி வந்தார்.

"அத இன்னொரு வாட்டி போடு."

"அது அவரு இல்ல பெரிம்மா."

"தெரியும். போடு."

போட்டார். டிவிக்கு மிக அருகில், நின்றபடியே பார்த்தார். சொம்போடு ஆள் நடந்து வந்தபோது இன்னும் குனிந்தார்.

"எப்படி நடக்கறான் பாரு, நேரா நிமிந்து" என்றார். "அவருக்கு முட்டி வளையாது. ஒரு பக்கமா சாஞ்சிதான் நடப்பாரு. மொகத்த மட்டும் உரிச்சி எடுத்து எவனோ போட்டுக்கினு வரான்." நிமிர்ந்து, "அவரு நடக்கறது எங்கயும் இல்ல. எவனும் புடிச்சி வெக்கல" என்றார். முகத்தில் அழுகை இல்லை. எச்சில் இலையைப் பார்ப்பது போன்ற சுளிப்புதான் இருந்தது. "அழிச்சிடு."

சமாதிப் பக்கம் உட்கார்ந்திருந்த சந்திரகலா எழுந்து வந்தாள். "ரோஜாப்பூவிலிருந்து தொடக் கூடாதுங்க. அப்பா பந்தியில உக்காந்திருப்பாரு. அதாவது இருக்கட்டும்."

இருசப்பன் படத்தை ரோஜாப்பூ வரை ஓட்டி, வி.சி.ஆரின் கவுன்ட்டரில் தெரிந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டார். கேசட்டை முதலுக்குத் திருப்பினார். படம் உள்ளே வரும் துளையில் எந்த ஒயரையும் செருகவில்லை. வெறுமையைப் பதியச் சொல்லிப் பொத்தானை அழுத்தினார். டிவி கறுத்தது. மூன்று பேரும் அந்தக் கறுப்புக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஜோதியம்மாள், "மடை மாத்தணும்" என்று எழுந்து போய்விட்டார்.

எண் நெருங்கியதும் இருசப்பன் நிறுத்தினார். பூவுக்குச் சேதம் வரக் கூடாது என்று கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிட்டார். சந்திரகலா ஓட்டிப் பார்க்கச் சொன்னாள். நீளமான கறுப்பு. அது முடிகிற இடத்தில், கண் சிமிட்டும் நேரத்துக்குத் தகரக் கூரையும் அந்த வெள்ளை அம்பும் வந்து போயின. பிறகு ரோஜா விரிந்தது.

"நடுவுல இன்னாங்க அது?" என்றாள்.

"கொஞ்சம் தங்கிப்போச்சு" என்றார் இருசப்பன்.